தோட்டத்தில் ரயில் நிற்க வேண்டுமென்றால் என்ன கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும்

தலவாக்கலைக்கும் நானுஓயாவுக்கும் இடையில் உள்ள ஒரு தோட்டத்திலிருந்து தம்பி ஒருவர் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். லயத்துக்கு, அதாவது எங்கள் வரிசை வீடுகளுக்கு, மேலேயே ரயில் பாதை போகிறது, ஆனால் எந்தக் கோச்சியும் நிற்பதில்லை, பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குத் தண்டவாளத்தில்தான் நடந்து போகிறார்கள், இங்கே ஒரு தரிப்பிடம் கேட்டு வாங்க முடியுமா என்பது ஒன்று. நானுஓயாவிலிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கு ஓடிய பழைய பாதையைத் திரும்பத் திறக்கச் சொல்லி ஒரு மகஜர் சுற்றுகிறதாம், அதற்காக வேலை செய்யலாமா என்பது மற்றது.

சுருக்கமாகச் சொன்னால், தரிப்பிடம் கேட்கலாம், சரியாகக் கேட்டால் கிடைக்க வாய்ப்பும் இருக்கிறது. ராகலை மகஜரில் கையெழுத்துப் போடுங்கள், ஆனால் உங்கள் ஊர் இளைஞர்களின் நேரத்தையும் காசையும் அதில் போடாதீர்கள். ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமான பதில்.

முதலில் ஒரு விஷயம் மனதில் பதிய வேண்டும். மலையகத்தில் ரயில் வந்ததே ஒரு பிரசாரத்தால்தான். அந்தப் பிரசாரத்தைச் செய்தவர்கள் துரைமார். 1854இல் கண்டியில் தோட்டத்துரைமார் தங்களுக்கு ஒரு சங்கம் அமைத்தார்கள், அதன் பெரிய கோரிக்கைகளில் ஒன்று ரயில். கோப்பியை மாட்டு வண்டியில் கொழும்புக்கு இறக்க ஆகிற செலவையும் வழியில் வீணாகிற நாட்களையும் கணக்குப் போட்டு அரசாங்கத்துக்குக் காட்டினார்கள். 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. அதோடு விட்டார்களா? இல்லை. 1873இல் கம்பளை, 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா என்று ஏறிக்கொண்டே போனது. பதுளை இருக்கிற ஊவாவுக்கு நீட்டும் கோரிக்கை மட்டும் நெடுங்காலம் இழுபட்டது, ஏனென்றால் 1869இல் கண்ட இலை நோய் கோப்பியை அழித்துவிட்டது, வருமானம் விழுந்த நேரத்தில் மலையைக் குடைய யாரும் காசு தரத் தயாராக இல்லை. தேயிலை எழுந்த பிறகுதான் 1893இல் ஹப்புத்தளை, 1894இல் பண்டாரவளை. அங்கிருந்து பதுளைக்குப் போய்ச் சேர 1924 ஆகிவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், இன்று நாம் பார்க்கிற ஸ்டேசன்கள் எல்லாம் அந்தக் கணக்கில் வைக்கப்பட்டவை. தேயிலைப் பெட்டி எங்கே ஏற வேண்டும், உரமும் அரிசியும் எங்கே இறங்க வேண்டும், எந்தத் துரையின் பங்களாவுக்கு எது பக்கம் என்பதுதான் கேள்வியாக இருந்தது. கிரேட்வெஸ்டன், சென்கிளயர் என்று தோட்டப் பெயரிலேயே ஸ்டேசன் இருப்பது அதனால்தான். லயத்தில் இருந்தவர்கள் எங்கே போக வேண்டும் என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை, அவர்கள் எங்கும் போகாமல் இருப்பதுதான் தோட்டத்துக்கு வசதி. நம்மவர்கள் பெருமளவில் ரயில் ஏறியது ஒரு காலத்தில் மட்டும். 1964 ஒக்டோபரில், நம்மவர்களைப் பெருமளவில் இந்தியாவுக்கு அனுப்புவதற்கான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எழுதப்பட்ட பிறகு, மலையக ஸ்டேசன்களிலிருந்து தலைமன்னாருக்கும் அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்குமாக அனுப்பப்பட்டார்களே, அப்போது. மேடையில் அழுது பிரிந்த கதை உங்கள் வீட்டுப் பெரியவர்களும் சொல்லியிருப்பார்கள். நம்மை ஏற்றி அனுப்ப நின்ற ரயில், நம் பிள்ளை பள்ளிக்கூடம் போவதற்கும் நிற்க வேண்டும் என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை.

சரி, இப்போது வேலைக்கு வருவோம்.

நீங்கள் கேட்க வேண்டியது ஸ்டேசன் இல்லை, தரிப்பிடம். இந்த வித்தியாசத்தைத் தெரியாமல் எழுதப்பட்ட மகஜர்கள்தான் முதலில் குப்பைக்குப் போகின்றன. மலைநாட்டுப் பாதை ஒற்றைப் பாதை. இரண்டு ஸ்டேசன்களுக்கு இடையில் ஒரு நேரத்தில் ஒரு ரயில்தான் இருக்கலாம். அதை உறுதி செய்வது டெப்லட் முறை. ஸ்டேசனில் உள்ள இயந்திரத்திலிருந்து எடுக்கப்படும் ஒரு உலோகத் தகடு, அது கையில் இல்லாமல் டிரைவர் அடுத்த பகுதிக்குள் வண்டியை விடமுடியாது. பெரிய பிரம்பு வளையத்தில் தோல் பையைக் கட்டி, மேடையில் நிற்பவர் கையை நீட்ட, ஓடுகிற எஞ்சினிலிருந்து ஒரு கை அதை மாட்டி எடுத்துக்கொண்டு போவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஒரு முழு ஸ்டேசன் என்றால் இந்த இயந்திரம், சிக்னல், இரண்டு ரயில்கள் விலகிப் போக இரட்டைத் தண்டவாளம், இரவு பகலாக மாறி மாறி நிலைய அதிபர்கள், எல்லாம் வேண்டும். உங்கள் ஊருக்கு இது எதுவும் தேவையில்லை. தரிப்பிடம் என்றால் ஒரு மேடை, ஒரு பெயர்ப்பலகை, மழைக்கு ஒதுங்க ஒரு கூரை, ஒரு விளக்கு, அவ்வளவுதான். ரயில் வந்து ஒரு நிமிடம் நிற்கும், ஆட்களை ஏற்றும், போகும். டெப்லட் முறையில் எந்த மாற்றமும் வராது. கண்டியைச் சுற்றி ராஜவத்தை, அஸ்கிரிய, மஹய்யாவ என்று எவ்வளவு நெருக்கமாக நிற்கிறது பாருங்கள், பேராதனைப் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் சரசவி உயன இருக்கிறது. நகரத்துப் பக்கம் இது சாதாரணம். மேலே ஏற ஏறத்தான், ஆட்கள் இருந்தும், நிற்கிற இடங்கள் குறைந்துகொண்டே போகின்றன.

அடுத்தது இடம். இதில் உணர்ச்சிக்கு வேலை இல்லை. கோயிலுக்கு முன்னால் நிற்க வேண்டும், பெரிய லயத்துக்கு நேராக நிற்க வேண்டும் என்று கூட்டத்தில் சண்டை வரும், அதை முதலிலேயே நிறுத்துங்கள். மேட்டுப் பாதையில் சாய்வு 44க்கு 1 வரை போகிறது, அதாவது 44 மீட்டர் ஓடினால் ஒரு மீட்டர் ஏற்றம். பஸ்ஸுக்கு இது ஒன்றுமில்லை, இரும்புச் சக்கரம் ஈரத் தண்டவாளத்தில் ஏறுவதற்கு இது பெரிய ஏற்றம். அப்படிப்பட்ட இடத்தில் பாரத்தோடு நின்ற ரயிலைத் திரும்ப நகர்த்துவது கஷ்டம், பனியும் தூறலும் உள்ள காலையில் சக்கரம் வழுக்கும். அதனால் பொறியியலாளர் பார்க்கிற முதல் விஷயம் சாய்வு. இரண்டாவது வளைவு. நம் பாதையின் கடுமையான வளைவுகள் ஏறக்குறைய 100 மீட்டர் ஆரத்தில் திரும்புகின்றன, அந்த இடத்தில் பின்பெட்டியில் இருக்கும் கார்ட்டுக்கு முன்பெட்டி தெரியாது, யாராவது ஏறிக்கொண்டிருக்கும்போது வண்டி நகர்ந்துவிடலாம், மேடைக்கும் மிதிபலகைக்கும் நடுவே இடைவெளியும் விழும். ஆகவே உங்கள் தோட்ட எல்லைக்குள் பாதை கொஞ்சம் நேராகவும் கொஞ்சம் மட்டமாகவும் போகிற இடம் எது என்று நடந்து பாருங்கள். தனியாகப் போகாதீர்கள், பாதையில் வேலை செய்கிற கேங் ஆட்கள் யாரையாவது கேட்டுக் கூட்டிப் போங்கள், தலைமுறையாக அந்த வேலையில் உள்ள நம்மவர்கள் எல்லாப் பக்கமும் இருக்கிறார்கள், எந்த இடத்தில் எஞ்சின் திணறும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். இரண்டு மூன்று இடங்களைக் குறித்து, பக்கத்தில் இருக்கிற தூரக் கட்டையின் இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். மேடை முழு ரயில் நீளத்துக்கு வேண்டியதில்லை, இரண்டு மூன்று பெட்டி நிற்கிற அளவு போதும் என்று நீங்களே எழுதிவிடுங்கள்.

மண்சரிவு பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மேலே வெட்டுப்பாறை, கீழே பள்ளம், நடுவில் மேடை கட்டினால் தண்ணீர் எங்கே போகும் என்று கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் மலைநாட்டுப் பாதையை என்ன செய்தது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம்தான் மண்சரிவு அபாய வலயங்களைக் குறிக்கிறது. நீங்கள் சொல்கிற இடம் அந்த வரைபடத்தில் எப்படி இருக்கிறது என்று பிரதேச செயலகத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பாக இருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள், வாதாடாதீர்கள். இன்னொன்று, பாதை திருத்துகிற வேலை நடக்கும்போதுதான் கல்லும் ஆட்களும் அந்தப் பகுதிக்கு வருவார்கள். தடுப்புச் சுவர் கட்டுகிற இடத்திலேயே ஒரு சிறு மேடையையும் சேர்த்துக் கட்டச் சொல்வதற்கு அதுவே நல்ல நேரம், தனியாகக் கேட்டால் தனிச் செலவு.

இப்போது முக்கியமான பகுதி. ஆயிரம் கையெழுத்து உள்ள மகஜரைவிட ஒரு நல்ல அட்டவணை பலமானது. துரைமார் வென்றது உரத்துப் பேசி இல்லை, எத்தனை ஏக்கர், எத்தனை தொன், வண்டிக்கூலி எவ்வளவு என்று காட்டி. நாம் காட்ட வேண்டியது ஆட்களை. ஒரு பள்ளிக்கூட நாளில் விடிய ஐந்தரைக்கெல்லாம் பாதை ஓரத்தில் இரண்டு பேர் உட்காருங்கள். யார் போகிறார்கள், எந்தப் பிரிவிலிருந்து வருகிறார்கள், எங்கே போகிறார்கள், எத்தனை மணிக்கு அங்கே இருக்க வேண்டும், இப்போது எப்படிப் போகிறார்கள், என்ன செலவு. சாதாரண தரம் முடித்து உயர்தரத்துக்கு டவுன் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளைத் தனியாக எழுதுங்கள், ஏனென்றால் உயர்தர வகுப்பு இல்லாத தோட்டப் பள்ளிகளே அதிகம், அந்த இரண்டு வருடம்தான் பெண் பிள்ளைகளை நிறுத்திவிடுகிறார்கள், நிறுத்துவதற்குச் சொல்கிற காரணம் பெரும்பாலும் பாதை. கிளினிக்குக்குப் போகிற கர்ப்பிணிகளையும் சீனி வியாதிக்கும் பிரஷருக்கும் மருந்து எடுக்கப் போகிற வயதானவர்களையும் எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்குப் போகிறவர்கள் வேறு கணக்கு, சம்பளம் போட்ட மறுநாள் வேறு கணக்கு, அந்த நாட்களிலும் உட்காருங்கள். மரக்கறி போடுகிறவர்கள், தோட்டத்துக்கு வெளியே வேலைக்குப் போகிற இளைஞர்கள், அரச உத்தியோகத்தில் இருந்து சீசன் டிக்கெட் எடுக்கக்கூடியவர்கள், யாரையும் விடாதீர்கள். பள்ளிக்கூட சீசன் எத்தனை விற்கும் என்று எழுத முடிந்தால் அது அவர்கள் மொழி, உடனே புரியும்.

அப்புறம் அந்தப் பிள்ளைகள் நடக்கிற நடையைப் படம் எடுத்து வையுங்கள். சிலிப்பர்க் கட்டைகளின் இடைவெளி சின்னப் பிள்ளையின் எட்டுக்குப் பொருந்தாது, ஒன்றில் காலை வைத்தால் அடுத்தது எட்டாது, அதனால் சல்லியில் ஒரு கால், கட்டையில் ஒரு கால் என்று தாவித் தாவித்தான் போவார்கள். சப்பாத்து பையில் இருக்கும், காலில் செருப்பு, டவுன் வந்த பிறகுதான் மாற்றுவார்கள். பாலம் வந்தால் பெரிய பிள்ளை சின்னதின் கையைப் பிடித்துக்கொண்டு, பின்னால் சத்தம் வருகிறதா என்று நின்று கேட்டுவிட்டுத்தான் காலை வைக்கும். பனிமூட்டத்தில் எஞ்சின் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது. தண்டவாளத்தில் நடப்பது சட்டப்படி குற்றம் என்று உங்களுக்குச் சொல்வார்கள், உண்மைதான், அதற்கு உங்கள் பதிலும் தயாராக இருக்க வேண்டும்: வேறு பாதை இல்லாததால் நடக்கிறார்கள், நிறுத்தத்தான் வழி கேட்கிறோம். அந்தத் துண்டில் ரயில் மோதிச் செத்தவர்கள், காயப்பட்டவர்கள் பற்றிய பதிவு ரயில்வே திணைக்களத்திடமும் பொலிஸிடமும் இருக்க வேண்டும். அதைக் கேட்டு எடுங்கள்.

எப்படி எடுப்பது? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்கள் கையில் இருக்கிறது, அதை நம்மவர்கள் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் பெரிய வருத்தம். திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கு விண்ணப்பம் போடுங்கள், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பேசாமல் இருந்தாலோ குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. நான்கு விஷயம் கேளுங்கள்: நீங்கள் குறித்த கட்டை இலக்கங்களில் சாய்வும் வளைவும் என்ன, பக்கத்து இரண்டு ஸ்டேசன்களில் கடந்த சில ஆண்டுகளில் விற்ற டிக்கெட்டும் சீசனும் எத்தனை, அந்தத் துண்டில் நடந்த விபத்துகள் எத்தனை, அதே இடத்துக்கு முன்பு யாராவது தரிப்பிடம் கேட்டிருந்தால் என்ன காரணத்தால் மறுக்கப்பட்டது. நாலாவது கேள்விதான் தங்கம். மறுத்த காரணம் எழுத்தில் கிடைத்துவிட்டால் உங்கள் புதிய விண்ணப்பம் அதற்குப் பதிலாகவே அமையும்.

கடிதம் யாருக்கு என்பதிலும் குழப்பம் வேண்டாம். ரயில் மத்திய அரசாங்கத்தின் விஷயம், மாகாண சபைக்கு அதில் அதிகாரம் இல்லை. கடிதம் ரயில்வே பொது முகாமையாளருக்கு, பிரதி போக்குவரத்து அமைச்சின் செயலாளருக்கும் மாவட்டச் செயலாளருக்கும் உங்கள் மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர்கள் எல்லோருக்கும். எல்லோருக்கும் என்றால் எல்லோருக்கும், உங்கள் சங்கத்தின் ஆளுக்கு மட்டும் இல்லை. தமிழில் எழுத உங்களுக்கு உரிமை இருக்கிறது, அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை வடக்கு கிழக்குக்கு வெளியேயும் தமிழில் அரசோடு தொடர்புகொள்ள இடம் தருகிறது. அந்த உரிமையை விடாமல் தமிழில் எழுதுங்கள், ஆனால் அதோடு ஒரு சிங்களப் பிரதியும் வையுங்கள். வந்து இடம் பார்க்கப் போகிற பொறியியலாளரின் மேசையில் அது மொழிபெயர்ப்புக்காகக் காத்துக் கிடக்கக் கூடாது.

கடிதம் கொடுத்த அன்றே முத்திரை குத்திய பிரதி ஒன்றை வாங்குங்கள், கோப்பு இலக்கம் கேளுங்கள். மகஜர் கையளிக்கும்போது படம் பிடித்து, அது எல்லா இடமும் பரவி, அதோடு விஷயம் முடிந்துபோவதை நான் பல தடவை பார்த்துவிட்டேன். நானும் கூட இருந்து எழுதிய ஒரு மகஜருக்கு "கவனத்தில் கொள்ளப்படும்" என்று ஒரே வரியில் பதில் வந்தது, எந்தக் கோப்பு, யார் பொறுப்பு, ஒன்றும் இல்லை. அப்படி ஒரு பதில் வந்தால் அடுத்த வாரமே அதைத் தொட்டு மறுபடி எழுத வேண்டும்.

மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டம் இருக்கிறதே, அதை விட்டுவிடாதீர்கள். பாராளுமன்ற உறுப்பினர்களும் திணைக்கள அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்காருகிற இடம் அது. அங்கே உங்கள் விஷயம் ஒரு தடவை கூட்டக் குறிப்பில் ஏறிவிட்டால், அடுத்த கூட்டத்தில் என்ன ஆயிற்று என்று யாராவது பதில் சொல்லியாக வேண்டும். எதுவும் அசையவில்லை என்றால் ஒரு பாராளுமன்ற உறுப்பினர் ஊடாகப் பாராளுமன்றத்தின் பொது மனுக்கள் பற்றிய குழுவுக்கும் போகலாம்.

மேடை ரயில்வே காணியில் வரும், ஆனால் லயத்திலிருந்து மேடைக்குப் போகிற பாதை தேயிலைக்குள்ளே தோட்டக் காணியில் வரும். 1970களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் கம்பனிகளுக்குக் குத்தகைக்குப் போனாலும் காணி அரசுடையதுதான், பெரும்பாலும் ஜனவசம என்கிற மக்கள் தோட்ட அபிவிருத்திச் சபை அல்லது அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்தின் பெயரில் இருக்கும். ஆகவே தோட்ட நிர்வாகத்திடம் ஆட்சேபணை இல்லை என்று ஒரு கடிதம் எழுத்தில் வாங்க வேண்டும், வாயால் சொன்னது துரை மாறினால் மறைந்துவிடும். பாதைக்குப் படியும் கொங்கிரீட்டும் போட யாரிடம் கேட்பது? முன்பு தோட்டத்துக்குள் செலவழிக்கப் பிரதேச சபைக்குச் சட்டத்தில் இடமில்லை என்று கையை விரித்துவிடுவார்கள். 2018இல் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு திருத்தப்பட்ட பிறகு அந்தச் சாட்டு செல்லாது. அதே ஆண்டுத் தேர்தலோடு நுவரெலியா மாவட்டத்தில் கொட்டகலை, அக்கரபத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று புதிய சபைகளும் செயற்படத் தொடங்கின. உங்கள் பிரிவு எந்தச் சபைக்குள் வருகிறது என்று கிராம உத்தியோகத்தரிடம் உறுதி செய்துகொண்டு, மேடை வந்தால் பாதையை நாங்கள் போட்டுத் தருகிறோம் என்று அந்தச் சபையின் தீர்மானம் ஒன்றை உங்கள் விண்ணப்பத்தோடு இணைத்துவிடுங்கள். இது இருந்தால் திணைக்களத்தின் செலவு பாதியாகத் தெரியும்.

எந்த ரயில் நிற்க வேண்டும் என்பதில் பேராசைப்படாதீர்கள். உடரட்ட மெனிக்கேயையும் பொடி மெனிக்கேயையும் இரவுத் தபால் வண்டியையும் நிறுத்தச் சொன்னால் முதல் வரியிலேயே மறுப்பு வரும், கொழும்பிலிருந்து ஒன்பது பத்து மணிநேரம் ஓடுகிற வண்டிகள் அவை. ஒற்றைப் பாதையில் ஒரு ரயில் ஐந்து நிமிடம் பிந்தினால் எதிரே விலகுவதற்குக் காத்திருக்கும் ரயிலும் பிந்தும், அந்தத் தாமதம் பதுளை வரை போகும். ஆகவே காலையில் ஒரு சாதாரண ரயில், மாலையில் ஒரு சாதாரண ரயில், இரண்டையும் பரீட்சார்த்தமாக ஆறு மாதம் நிறுத்திப் பாருங்கள், டிக்கெட் கணக்கைப் பார்த்து முடிவெடுங்கள் என்று கேளுங்கள். அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்துக்குப் பொருத்தமான ரயிலே இல்லை என்றால், தரிப்பிடத்தைவிட நேர அட்டவணைதான் உங்கள் முதல் கோரிக்கையாக இருக்க வேண்டும். எட்டு மணிக்கு மேல் வருகிற ரயிலுக்கு மேடை கட்டி என்ன பயன்?

சுற்றுலாப் பயணிகள் பற்றி எல்லோருக்கும் கோபம் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது. முன்பதிவுப் பெட்டிகளைக் கூட்டிக் கூட்டி, உள்ளூர் ஆள் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு போகிற நிலை நியாயமில்லை. ஆனால் உங்கள் விண்ணப்பத்தில் அந்தச் சண்டையைக் கலக்காதீர்கள். அதற்கு வேறு கடிதம் எழுதுவோம்.

யாரோடு சேர்ந்து கேட்கிறீர்கள் என்பதும் பெரிய விஷயம். தோட்டத்தில் எத்தனை சங்கம் இருக்கிறதோ அத்தனை தலைவர்களும் ஒரே தாளில் கையெழுத்து வைக்க வேண்டும், ஒரு சங்கத்தின் பெயர்த்தாளில் போனால் மற்றவர்கள் தடுப்பார்கள், வந்தால் யாரால் வந்தது என்று அடிபடுவார்கள். பாதைக்குக் கீழே சிங்களக் கிராமம் இருந்தால் அங்கே முதலில் போய்ப் பேசுங்கள். அவர்கள் பிள்ளைகளும் அதே தண்டவாளத்தில்தான் நடக்கிறார்கள். பள்ளி அதிபர்கள், விகாரை, கோயில், சேர்ச், எல்லோரும் சேர்ந்து போனால் அது ஒரு பிரதேசத்தின் கோரிக்கை, தனியாகப் போனால் தோட்டத்து ஆட்களின் கோரிக்கை. அந்த மேசையில் இரண்டும் ஒரே எடையாக இருந்ததில்லை, அதைச் சொல்லாமல் மறைக்க எனக்கு மனமில்லை.

இனி ராகலை.

அந்தப் பாதையின் மேல் எனக்கு மிகுந்த ஆசை உண்டு. 1903 டிசம்பரில் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வரையும் 1904இல் ராகலை வரையும் திறந்த சின்னப் பாதை அது, சுமார் 30 கிலோமீட்டர், பிளக்பூல், நுவரெலியா, கந்தப்பளை, புரூக்சைட், ராகலை என்று ஸ்டேசன்கள். உடப்புசல்லாவைத் தேயிலையை இறக்கப் போட்டது. தண்டவாள இடைவெளி 762 மில்லிமீட்டர்தான், நம் பெரிய பாதை 1,676 மில்லிமீட்டர். சாய்வோ 24க்கு 1. லொறி வந்த பிறகு அதனால் தாங்க முடியவில்லை, 1940இல் பயணிகள் சேவை நின்றது, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பாதையே மூடப்பட்டது, தண்டவாளத்தையும் கழற்றிவிட்டார்கள்.

ஆகவே "திரும்பத் திறப்பது" என்று பேசினாலும் அது புதிதாகக் கட்டுவதுதான். பழைய அளவில் கட்டினால் அந்தப் பெட்டிகளும் எஞ்சினும் இன்று இல்லை, நானுஓயாவில் இறங்கி மாறவும் வேண்டும். பெரிய பாதையின் அளவில் கட்டினால் நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் உயர வித்தியாசம் சுமார் 250 மீட்டர், 44க்கு 1 என்ற சாய்வில் ஏற 11 கிலோமீட்டராவது ஓட வேண்டும், பழைய தடத்தில் அதற்கு இடம் இல்லை, மலையைச் சுற்றிப் புதுத் தடம் வெட்ட வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு 2014 ஒக்டோபரிலும் தலைமன்னாருக்கு 2015 மார்ச்சிலும் ரயில் திரும்ப வந்ததே என்று கேட்பீர்கள். அங்கே தரை மட்டம், தடம் ரயில்வே காணியாகவே இருந்தது, இந்தியக் கடனில் இந்திய நிறுவனம் கட்டியது, போருக்குப் பிறகு அதைச் செய்தே ஆக வேண்டிய அரசியல் தேவையும் இருந்தது. தெற்கே மாத்தறையிலிருந்து பெலியத்தைக்குச் சீனக் கடனில் போட்ட பாதை 2019 ஏப்ரலில் திறந்தது. சுமார் 27 கிலோமீட்டர், செலவு ஏறக்குறைய 27.8 கோடி டொலர். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த நாடு இது. களனிவெளிப் பாதையில் அவிசாவளைக்கு அப்பால் இரத்தினபுரி, ஓப்பநாயக்க வரை 1976இல் மூடியதையே இன்னும் மக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், அங்கே ஆட்தொகை எவ்வளவு என்று யோசியுங்கள்.

அதனால் ராகலை, கந்தப்பளை ஆட்களுக்கு நான் சொல்வது இரண்டு விஷயம். நானுஓயாவில் ரயில் வருகிற நேரத்துக்குச் சேர்ந்து நிற்கிற பஸ். ராகலையிலிருந்து நுவரெலியா வழியாக ஸ்டேசன் வாசல் வரை, ரயில் பிந்தினால் பஸ்ஸும் காத்திருக்கிற மாதிரி, இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.) டிப்போவும் ஸ்டேசனும் பேசி வைத்த நேரத்தில். இதற்குத் தண்டவாளம் வேண்டாம், டொலர் வேண்டாம். இரண்டாவது, பழைய தடத்தில் அரச காணியாக எஞ்சியிருப்பது எது என்று நில அளவை செய்து பதிவு பண்ணச் சொல்லுங்கள். அதன்மேல் வீடு கட்டி இருப்பவர்களைக் கிளப்புவதற்காக இல்லை, அவர்களில் பாதிப்பேர் நம்மவர்கள், அவர்களை ஒன்றும் செய்யக் கூடாது. இன்னும் வெறுமையாகக் கிடக்கும் துண்டுகள் யார் கைக்கும் சத்தமில்லாமல் போகாமல் இருப்பதற்காக. ஒரு காலத்தில் யாராவது உண்மையாகவே பாதை போட வந்தால், அல்லது பிள்ளைகள் நடந்து போக ஒரு வழி வேண்டுமென்றால், காணி இருக்க வேண்டும்.

தம்பி, உங்கள் இடத்துக்கு நீங்கள் குறித்த கட்டை இலக்கங்களையும், அந்தத் துண்டின் இரண்டு பக்கமும் தெரிகிற படங்களையும், பள்ளிக்கூட நாளில் எடுத்த முதல் கணக்கையும் அனுப்புங்கள். சாய்வு, வளைவு பற்றிக் கேட்கிற தகவல் விண்ணப்பத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தருகிறேன், அதற்குப் பதில் வந்த பிறகு பொது முகாமையாளருக்கான கடிதத்தைச் சேர்ந்து எழுதுவோம்.